கொம்புச்சா போட்டிக்கு: ஒரே ஜாடியில் எடுத்தது, ஒரு பாட்டில் பொங்குது, இன்னொன்னு சப்புன்னு கிடக்கு

குமுளி_ஏலம் எழுதியது:

வணக்கம். அடுத்த மாசம் எர்ணாகுளத்தில் ஒரு வீட்டுப் பானப் போட்டி. எங்க குழு சார்பா பன்னீர் திராட்சை, ஏலக்காய் போட்ட கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவெச்சு செய்யற பானம்) அனுப்பப் போறோம். விதிமுறை இதுதான்: 330 மில்லி கண்ணாடிப் பாட்டில் மூணு, லேபிள் கூடாது, பழத்துண்டு மிதக்கக் கூடாது, ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேஸுக்கும் நுரைக்கும் தனி மதிப்பெண்.

இப்ப செய்யற முறை: லிட்டருக்கு 7 கிராம் டஸ்ட் டீ, 80 கிராம் சர்க்கரை, 100 மில்லி பழைய கொம்புச்சா. அகல வாய் ஜாடி, மேலே துணி. இங்கே குமுளியில பகல்ல 24 டிகிரி, ராத்திரி 18 டிகிரி, அதனால 10–12 நாள் ஆகுது. பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு கூடுதல்) 3.1 வந்ததும் ஸ்கோபியை (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து மேலே கட்டற ஆடை) ஒதுக்கிட்டு மேலாக மொண்டு பாட்டிலில் ஊத்தறோம். பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, நாலு திராட்சை நசுக்கினது, ஒரு ஏலக்காய். நாலு நாள் வெளியே வெச்சு அப்புறம் ஃபிரிட்ஜ்.

ஒரு பாட்டிலைத் திறந்தா பாதி மேசையில. அடுத்ததைத் திறந்தா சத்தமே இல்லை. சிலதுல கழுத்துக்குள்ள வெள்ளை ஆடை கட்டுது. புளிப்பு பியர் செய்யறவங்க வெச்சிருக்கிற பட்டியல் ஒண்ணு கிடைச்சது: 20 டிகிரியில் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போட்டா 3 வால்யூம் கேஸ் (ஒரு லிட்டர் பானத்துல 3 லிட்டர் கேஸ் கரைஞ்சிருக்கிறது) வரும்னு சொல்லுது. அதை அப்படியே எடுத்துக்கலாமா?

---

கம்பத்துக்காரன் எழுதியது:

முதல்ல அந்த டீஸ்பூனைத் தூக்கிப் போடுங்க அக்கா. தலை தட்டினா 4 கிராம், கொஞ்சம் குவிஞ்சா 5 கிராமுக்கும் மேல. 330 மில்லியில 4 கிராம்னா லிட்டருக்கு 12 கிராம். சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் முழுசா புளிச்சா ஏறக்குறைய ஒரு வால்யூம் கேஸ் வரும். அப்ப ஸ்பூன் சர்க்கரை மட்டுமே 3 வால்யூம். திராட்சைச் சர்க்கரை அதுக்கு மேல. பொங்காம என்ன செய்யும்?

சப்புன்னு போற பாட்டிலுக்குக் காரணம் வேற. ஈஸ்ட் பெரும்பாலும் ஜாடியோட அடியில மண்டியா உக்காந்திருக்கும். மேலாக மொண்டா முதல் பாட்டில்கள்ல ஈஸ்ட் குறைவு, கடைசிப் பாட்டில்கள்ல அளவுக்கு மீறி. நீங்க திறந்த ரெண்டும் எந்த வரிசையில நிரப்பினதுன்னு பார்த்தா ஒத்துப்போகும்னு நினைக்கிறேன். இன்னொரு சந்தேகம் வாஷர். கம்பி கிளிப் பாட்டில்னா ரப்பர் வாஷர் காய்ஞ்சு வெடிச்சிருக்கும். காலிப் பாட்டிலை மூடிட்டு, தலைகீழாத் தண்ணியில அமுக்கிப் பாருங்க, குமிழ் வந்தா வாஷரை மாத்துங்க.

செய்ய வேண்டியது: 4 லிட்டர் தொகுப்பை ஜாடியில மெதுவா ஒரு தடவை கலக்கி, அடிமண்டி கெட்டியா இருக்கிற கடைசி அரை லிட்டரை மட்டும் விட்டுட்டு, நைலான் துணியில வடிச்சு ஒரே பாத்திரத்துக்கு மாத்துங்க. சர்க்கரையோ ஜூஸோ எது சேர்த்தாலும் அந்தப் பாத்திரத்திலேயே. டிஜிட்டல் தராசுல எடை போட்டு, கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சு, ஆறவெச்சு ஊத்தி, கரண்டியால நுரை வராம கலக்கி, அப்புறம் டியூப் வெச்சு பாட்டிலோட அடியிலிருந்து நிரப்பணும். மேலிருந்து தடதடன்னு ஊத்தினா காத்து கலந்துடும்.

கழுத்துல கட்டற வெள்ளை ஆடை புதுசா வளர்ற ஸ்கோபிதான். காத்து இருந்தாத்தான் அது வளரும். மேல 2 சென்டிமீட்டர் மட்டும் காலியா விடுங்க. அதுக்கும் குறைச்சு விளிம்பு வரை நிரப்பாதீங்க, சூடு ஏறினா தண்ணி விரியறதுக்கு இடம் வேணும்.

பழத்துண்டு வேண்டவே வேண்டாம். விதி தடுக்குதுங்கறதுக்காக மட்டும் சொல்லல. ஒவ்வொரு தோல் துணுக்கும் கேஸ் கிளம்பற ஒரு முனை. அளவான கேஸ் உள்ள பாட்டிலைக்கூட அது பொங்க வெச்சுடும். ஏலக்காய்த் துணுக்கும் அதே வேலையைத்தான் செய்யும். டஸ்ட் டீயும் ஒரு குற்றவாளி, அந்தத் தூள் நைலான் துணியில நிக்காது. வண்டிப்பெரியாறு பக்கம் ஆர்த்தடாக்ஸ் இலைத்தூள் கிடைக்குமே, அதுக்கு மாறுங்க, மண்டி பாதியாக் குறையும்.

---

செங்கோட்டை_சோடா எழுதியது:

கம்பத்துக்காரர் சொன்ன கலக்கும் முறை, வடிகட்டும் முறை எல்லாம் சரி. ஆனால் கேள்வியின் மையம் அந்தப் பட்டியல். அதை எடுக்கவே கூடாது.

புளிப்பு பியர் பாட்டிலுக்குப் போகும்போது அதில் இருக்கும் சர்க்கரை புளித்து முடிந்திருக்கும். மாதக்கணக்கில் காத்திருந்து, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளவு வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் நிரப்புவார்கள். அதற்குப் பிறகு போடும் 8 கிராம்தான் பாட்டிலுக்குள் இருக்கும் ஒரே தீனி. அது தீர்ந்ததும் கேஸ் தானாக நின்றுவிடும். ஏற்கெனவே கரைந்திருக்கும் சுமார் 0.9 வால்யூமும் புதிதாக வரும் 2 வால்யூமும் சேர்ந்துதான் அந்த 3.

கொம்புச்சாவில் கதை வேறு. 80 கிராமில் தொடங்கி பிஎச் 3.1-இல் எடுத்தால் பாதிச் சர்க்கரை உள்ளேயே மிச்சம் இருக்கலாம். லிட்டருக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டுவிட்டால் கணக்குப்படி அது 10 வால்யூம். எந்தப் பாட்டிலும் தாங்காது. ஆக இங்கே கேஸை நிறுத்துவது குளிர்தான், சர்க்கரை தீர்வது அல்ல. நீங்கள் சேர்க்கும் ஸ்பூன் சர்க்கரை வேகத்தைக் கூட்டுமே தவிர எல்லையைத் தீர்மானிக்காது. சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது 0.5 சதவீதம். இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஈஸ்ட் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு விடும்போது கூடவே ஒரு மூலக்கூறு ஆல்கஹாலும் விடுகிறது. ஒரு வால்யூம் கேஸ் என்பது லிட்டருக்கு 1.96 கிராம். அதோடு பிறக்கும் ஆல்கஹால் 2.05 கிராம், கன அளவில் 0.26 சதவீதம். திறந்த ஜாடியில் இருக்கும்போது அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பாட்டிலில் அதற்குக் காற்று இல்லை. உருவாகும் ஆல்கஹால் அப்படியே தங்கும்.

ஜாடியிலிருந்து எடுக்கும்போதே 0.2 சதவீதம் இருந்தால், பாட்டிலில் ஒரு வால்யூம் ஏறியதும் 0.46. இரண்டு வால்யூம் ஏறினால் 0.72. கேஸ் தூக்கலாகவும் வேண்டும், அது முழுக்கப் பாட்டிலிலேயே புளித்தும் வர வேண்டும், ஆல்கஹாலும் 0.5-க்குள் நிற்க வேண்டும் என்றால் நடக்காது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இது போட்டி விதியோடு முடிகிற விஷயமும் அல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். அந்தப் பக்கம் கேரளத்தின் அப்காரி (மது) சட்டம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 1937 மதுவிலக்குச் சட்டம். சோதனைச்சாவடி தாண்டி லேபிள் இல்லாத பாட்டில் கொண்டு போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். போட்டி நுழைவுச் சீட்டின் நகலைப் பெட்டியோடு வையுங்கள்.

ஹைட்ரோமீட்டரை வைத்து இந்த அளவு ஆல்கஹாலைப் பார்க்க முடியாது. அமிலமும் மிச்சச் சர்க்கரையும் குழப்பிவிடும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வடித்தெடுத்து அளப்பார்கள், ஒரு மாதிரி கொடுத்துப் பாருங்கள்.

---

குமுளி_ஏலம் எழுதியது:

இந்தக் கணக்கை இதுவரை யாரும் சொல்லல, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப சிலிண்டர்தான் வழியா? எங்க ஊர்ல சோடா போடற அண்ணன்கிட்ட கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கு. வீட்டு சோடா மெஷின் ஒண்ணும் கையில இருக்கு. ஆனா சிலிண்டர் கேஸ்னா குமிழ் பெருசா, முரட்டுத்தனமா இருக்கும்னு சொல்றாங்களே?

திராட்சை எவ்வளவு, எப்படிச் சேர்க்கறதுன்னும் சொல்லுங்க. வாசனை அதுதான்.

---

செங்கோட்டை_சோடா எழுதியது:

கேஸ் எங்கிருந்து வந்தது என்று குமிழுக்குத் தெரியாது. எவ்வளவு கரைந்திருக்கிறது, எவ்வளவு நேரம் குளிரில் ஓய்வெடுத்தது, தம்ளர் சுத்தமா, இதுதான் குமிழின் அளவை முடிவு செய்யும். சிலிண்டர் கேஸ் முரடு என்ற பேச்சு, ஏற்றிய உடனே திறந்து குடிப்பதால் வந்தது. ஒரு ராத்திரி 4 டிகிரியில் விட்டுப் பாருங்கள்.

சோடா மெஷினில் கொம்புச்சாவை நேரடியாக வைக்காதீர்கள். அது தண்ணீருக்கானது. நுரைத்து மேலே ஏறி மூக்குக் குழாயை அடைக்கும். கோலி பாட்டிலும் உதவாது. அதைத் தலைகீழாக வைத்துக் கேஸ் அடிக்கும்போதுதான் கோலி போய் வாஷரில் உட்காரும். போட்டி விதிக்கும் அது பொருந்தாது.

வேண்டியவை: உணவுத் தரச் சிலிண்டர், அழுத்தமானியோடு ரெகுலேட்டர், 1 லிட்டர் பெட் (பிளாஸ்டிக்) சோடா பாட்டில், அதன் கழுத்தில் திருகும் கார்பனேஷன் மூடி, அந்த மூடியில் மாட்டும் கேஸ் இணைப்பு. சோடாக்காரரிடம் சிலிண்டரைக் கேட்கும்போது அது தொழிற்சாலைத் தரமா, உணவுத் தரமா என்பதை உறுதிப்படுத்துங்கள்.

வடிகட்டிய கொம்புச்சாவை 4 டிகிரிக்குக் குளிரவையுங்கள், ஒரு முழு நாள். அடியில் மண்டி இறங்கும், தெளிந்ததை மட்டும் டியூபில் இறக்கி பெட் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்புங்கள். பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். கேஸைத் திறந்தால் பாட்டில் உப்பி நிமிரும். இணைப்பு மாட்டியபடியே ஒரு நிமிடம் குலுக்குங்கள். கேஸ் உள்ளே போகும் சத்தம் அடங்கியதும் இணைப்பைக் கழற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்பதில் உங்கள் ஊருக்கு ஒரு திருத்தம் உண்டு. பாட்டில் மாற்றும்போது கொஞ்சம் கேஸ் போகும், எனவே 3.2 வால்யூமுக்கு ஏற்றுங்கள். 4 டிகிரியில் அதற்குக் கடல் மட்டத்தில் 17 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) போதும். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு. அதனால் அதே அளவு கரைய அங்கே 19 பிஎஸ்ஐ வைக்க வேண்டும். எர்ணாகுளத்தில் செய்தவர் சொன்ன எண்ணை அப்படியே வைத்தால் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

கண்ணாடிக்கு மாற்றுவது: காலிக் கண்ணாடிப் பாட்டில்களையும் அதே 4 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். சூடான கண்ணாடியைத் தொட்டதும் கேஸ் பறக்கும். பெட் பாட்டிலை மெதுவாகத் திறந்து, கண்ணாடியைச் சாய்த்து, சுவரை ஒட்டி ஊற்றுங்கள். கழுத்தில் நுரை எழும்பி நிற்கும்போதே கிரவுன் மூடியை (விளிம்பு மடிந்த தகர மூடி) வைத்து அடியுங்கள், அந்த நுரை காற்றைத் தள்ளிவிடும், வெள்ளை ஆடையும் கட்டாது.

இதெல்லாம் செய்தாலும் உள்ளே ஈஸ்ட்டும் சர்க்கரையும் உயிரோடு இருக்கின்றன. நிரப்பியதிலிருந்து நடுவர் கைக்குப் போகும் வரை 4 டிகிரி. அது முடியாது என்றால் வேறொரு வழி: கேஸ் ஏற்றும் முன்பே கொம்புச்சாவை 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து, பிறகு கேஸ் ஏற்றுவது. பயணத்துக்கு அது நிம்மதி. வாசனையில் கொஞ்சம் போகும், 'உயிருள்ள பானம்' என்ற பிரிவில் சேர்க்க மாட்டார்கள். கேஸ் ஏற்றிய பாட்டிலை வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது வெடிகுண்டு.

---

கம்பத்துக்காரன் எழுதியது:

திராட்சைக் கணக்கு என் பங்கு, ஊர்ச் சரக்காச்சே.

பன்னீர் திராட்சை நல்லா பழுத்தா 16–18 பிரிக்ஸ் (நூறு கிராம் ஜூஸ்ல இத்தனை கிராம் சர்க்கரை) காட்டும். 17-ன்னு எடுத்துக்கிட்டா லிட்டர் ஜூஸ்ல சுமார் 180 கிராம் சர்க்கரை. கொம்புச்சா லிட்டருக்கு 30 மில்லி ஜூஸ்னா 5.4 கிராம் சேரும். இது முழுசும் பாட்டில்ல புளிச்சா 1.3 வால்யூம் கேஸ், செங்கோட்டைக்காரர் கணக்குப்படி 0.34 சதவீதம் ஆல்கஹால். அதனால ஜூஸைச் சேர்த்த பிறகு வெளியே வைக்கவே கூடாது. சேர்த்த கையோட குளிர்ல.

கொத்துல வாடின பழம், வெடிச்ச பழம் இருந்தா பொறுக்கி எறிஞ்சுட்டுத்தான் தொடங்கணும். தோலோட நசுக்கி 70 டிகிரியில 10 நிமிஷம் வைங்க. கொதிக்க விட்டா ஜாம் வாசனை வந்துடும். தோல்ல இருக்கிற காட்டு ஈஸ்ட் அடங்கும், நிறமும் இறங்கும். துணியில பிழிஞ்சு, ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. பிஎச் 3 பக்கம் இருக்கிற கொம்புச்சாவுல அது நல்ல சிவப்பா நிக்கும், நீலம் தட்டாது.

ஏலக்காயை நேரா போடாதீங்க. 4 லிட்டருக்கு நாலு காய், விதையை மட்டும் இடிச்சு, 50 மில்லி கொதிநீர்ல மூடி வெச்சு 10 நிமிஷம், காபி ஃபில்டர் காகிதத்துல வடிச்சு அந்தத் தண்ணியை மட்டும் சேருங்க. அஞ்சாவது காய் போட்டா பாயசம்.

ஒரு விஷயத்துல மட்டும் செங்கோட்டைக்காரரோட எனக்கு ஒத்து வரல. சிலிண்டரே வேணும்னு இல்லை. அடிப்படை ஆல்கஹாலைக் குறைச்சுட்டா பாட்டில் புளிப்பிலேயே 2 வால்யூம் பக்கம் எட்டலாம். சர்க்கரையை 80-லிருந்து 60 கிராமாக் குறைங்க. ஜாடியில பிஎச் 2.9 வரை விடுங்க, ரெண்டு மூணு நாள் கூடும். அகல வாய் ஏற்கெனவே இருக்கு, பாக்டீரியா கூடுதலா ஆல்கஹாலைத் தின்னும். அப்புறம் 24 டிகிரியில ரெண்டு நாள் மட்டும் பாட்டில்ல. புளிப்பு கூடின பானத்துக்கு 2 வால்யூமே நாக்குல 3 மாதிரி கடிக்கும்.

---

செங்கோட்டை_சோடா எழுதியது:

எட்டலாம். ஆனால் அந்த 'இரண்டு நாள்' ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே மாதிரி இருக்காது. ஈஸ்ட் எண்ணிக்கை மாறும், ராத்திரி வெப்பநிலை மாறும். 0.5 என்று விதி இருக்கும்போது அந்த விளிம்பில் நடக்க நான் சொல்ல மாட்டேன். வீட்டில் குடிக்க உங்கள் முறையே ருசி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு சின்ன பெட் பாட்டிலை ஒற்றனாக நிரப்பி, மற்றவற்றின் பக்கத்திலேயே வையுங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் கடையில் வாங்கிய புதுச் சோடா பாட்டில் போல விறைப்பாக இருக்கும் தருணத்தில் எல்லாமே ஃபிரிட்ஜுக்கு. கண்ணாடியை வெளியிலிருந்து பார்த்து எதையும் சொல்ல முடியாது.

---

பாட்டில்_கடை எழுதியது:

கேஸ் பற்றிப் பேசிவிட்டீர்கள், அதைத் தாங்கும் பாத்திரத்தை யாரும் தொடவில்லை.

அலங்காரக் கடைகளில் விற்கும் சதுரக் கம்பி கிளிப் பாட்டில் எண்ணெய்க்கும் தேனுக்கும்தான். மூலைகளில்தான் அழுத்தம் குவியும், உடைவதும் அங்கேதான். ஜூஸ் பாட்டில், சாஸ் பாட்டிலின் திருகு மூடிகளும் வேண்டாம். கேஸ் பானத்துக்காகவே வார்த்த வட்ட 330 மில்லி பாட்டில், 26 மில்லிமீட்டர் கிரவுன் மூடி, இரட்டைக் கைப்பிடி மூடி அடிப்பான். பாட்டில் வாயில் திருகு வரி இருந்தால் கிரவுன் மூடி சரியாகக் கவ்வாது, பார்த்து வாங்குங்கள். பழைய பாட்டிலானால் விரலால் வாய் விளிம்பைத் தடவுங்கள். சில்லு தட்டினாலோ, இடுப்பில் வெள்ளையாக உராய்ந்த வளையம் இருந்தாலோ ஒதுக்குங்கள்.

வாஷிங் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, மூன்று முறை அலசுங்கள். சோப்புப் படலம் தங்கினால் நுரை நிற்காது. பிறகு 80 டிகிரி வெந்நீர். சூடான கண்ணாடியை நேராக ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வையுங்கள்.

இப்போது பயணம். 3 வால்யூம் கேஸ் உள்ள பாட்டிலில் 4 டிகிரியில் வெளிக்காற்றுக்கு மேல் சுமார் 1 வளிமண்டல அழுத்தம்தான். அதே பாட்டில், அதே கேஸ், 30 டிகிரியில் 3.5. வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் 45 டிகிரி ஆனால் 5-ஐத் தாண்டும். இது புதிதாகப் புளிக்காமலேயே நடப்பது. குமுளிக் குளிரில் சாதுவாக இருந்த பாட்டில் மலை இறங்கி எர்ணாகுளம் போனதும் ஏன் சீறுகிறது என்பதற்கு இதுதான் பதில். குலுக்கல் இரண்டாம் காரணம்தான்.

மீன்காரர்கள் பயன்படுத்தும் கனமான தெர்மாகோல் பெட்டி போதும். ஐஸ் தூள் வேண்டாம், உருகினால் அட்டை ஊறி பாட்டில் ஆடும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி உறையவைத்து நான்கு மூலையிலும் வையுங்கள். நடுவில் பாட்டில்கள் நின்றபடி, இடைவெளியில் செய்தித்தாள். படுக்கவைத்தால் மண்டி கழுத்துக்கு வரும், திறந்ததும் அதுவே பொங்கலுக்குத் தீப்பெட்டி. ராத்திரி வண்டியில் போங்கள், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் போட்டிக்கு முந்தைய நாளே ஒப்படைக்க முடியுமா, அவர்களிடம் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

---

குமுளி_ஏலம் எழுதியது:

கேட்டாச்சு. முந்தின நாள் மதியம் வாங்கிக்குவாங்க, ஃபிரிட்ஜ் இருக்கு, ஆனா 8 டிகிரி ஃபிரிட்ஜாம். சிலிண்டர் வழியிலேயே போறோம். 4 லிட்டர்ல அடிமண்டி போக 10 பாட்டில் பக்கம் வரும், மூணு போட்டிக்கு. மிச்சத்தை என்ன செய்யறது, எப்பத் திறந்து பாக்கறது?

---

செங்கோட்டை_சோடா எழுதியது:

8 டிகிரி ஒரு நாளுக்குப் பரவாயில்லை, நடுவர்களுக்கு ஊற்றவும் அதுதான் நல்ல குளிர். வாசனை தெரியும்.

நிரப்பிய மறுநாள் ஒன்றைத் திறங்கள், கேஸ் சரியா என்று. மூன்றாம் நாள் ஒன்றை 8 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்துத் திறங்கள், நடுவருக்குக் கிடைக்கப்போவது அதுதான். இன்னொன்றைத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு வண்டியில் கம்பம் வரை இறங்கி ஏறி வந்து, ஒரு நாள் நிறுத்தித் திறங்கள். பொங்கினால் 19 பிஎஸ்ஐயை 16 ஆக்கி மீண்டும் ஒரு தொகுப்பு போட உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. திறக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பாட்டிலைச் சுற்றி ஈரத் துண்டு. இன்னும் ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு: கேஸ் ஏற்றிய பிறகான மாதிரியைக் கொடுங்கள், ஜாடி மாதிரி போதாது.

---

கம்பத்துக்காரன் எழுதியது:

கம்பம் வரை இறங்கினா அந்தப் பாட்டிலை இங்கேயே திறந்துடலாம் அக்கா. திராட்சையும் நானே கொத்துப் பாத்து எடுத்துத் தர்றேன், மழைக்கு முன்னாடி பறிச்சதா வாங்கணும். மழை பெய்ஞ்ச பிறகு பறிச்சா 14 பிரிக்ஸ் கூட வராது.